நீர்வெட்டு வந்தால் யார் வீடு முதலில் வறளும்? கொழும்பு லேன்களுக்கும் தோட்டங்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அப்படியிருந்தும் 24 மணி நேர நீர்வெட்டு என்று ஒரு அறிவித்தல் போனில் வந்துவிட்டால் போதும், கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் வெள்ளவத்தையிலும் ஒரே காட்சிதான். லேன் முனையில் உள்ள மாடிவீடுகளில் மோட்டர் ஓடத் தொடங்கும். கால் மணி நேரத்தில் லேன் கடைசி வீட்டுப் பைப் இருமி, காற்றை மட்டும் விடும். வெட்டு இரவு எட்டு மணிக்கு என்றால், அந்த வீட்டுக்கு அது மாலை நான்குக்கே தொடங்கிவிடுகிறது.

நீர்த் தட்டுப்பாட்டைச் சமாளிப்பது என்றதும் பலரும் இன்னொரு டாங்கி வாங்குவதைத்தான் நினைக்கிறார்கள். வசதியுள்ள வீட்டுக்கு அது உதவும். ஆனால் ஒரே குழாயில் தொங்கும் நாற்பது வீடுகளில் பத்து வீடு டாங்கியைப் பெரிதாக்கினால், மற்ற முப்பதின் நிலை இன்னும் மோசமாகும். அதனால் இந்த வழிகாட்டி "எப்படிக் கூடுதலாகத் தண்ணீர் பிடிப்பது" என்பதிலிருந்து தொடங்கவில்லை. உங்கள் லேனில், தோட்டத்தில் (சிறு வீடுகள் நெருங்கி நிற்கும் நகரக் குடியிருப்பில்), ஃபிளட்டில் யார் வீடு முதலில் வறளும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பது தானாகத் தெரியும்.

முதலில், எந்தத் தட்டுப்பாடு?

கொழும்பு குடிக்கும் தண்ணீரின் பெரும்பகுதி களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது. அதற்கு மேல் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. லபுகம 1880களில் கட்டப்பட்டது, இன்றும் வேலை செய்கிறது. நகருக்குள் மாளிகாகந்த, எலிஹவுஸ் போன்ற இடங்களில் உள்ள பெரிய தாங்கிகளில் சேர்ந்துதான் தண்ணீர் நம் தெருக்களுக்கு வருகிறது. இதையெல்லாம் நடத்துவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. பேச்சில் எல்லோருக்கும் "வோட்டர் போர்ட்".

தண்ணீர் இல்லை என்பது ஒரே நோய் அல்ல. திருத்த வேலைக்காக அறிவித்துவிட்டு நிறுத்துவது ஒன்று. இதற்கு நேரம் தெரியும், ஆயத்தமாகலாம். அமுக்கம் குறைந்து பகலில் நூலாக வருவது இன்னொன்று. இதற்கு அறிவித்தலே வராது, அதனால் அதிகம் வதைப்பதும் இதுதான். மூன்றாவது உப்பு. ஜனவரி, பெப்ரவரியில் மழை குறைந்து களனியில் நீரோட்டம் இறங்கினால், கடல்நீர் ஆற்று அடி வழியாக மேலேறி வரும். உப்புநீர் பாரமானது, நன்னீருக்குக் கீழே ஊர்ந்து வரும். ஆண்டாண்டாக மணல் அள்ளி ஆற்றுப் படுக்கை தாழ்ந்துபோனதால் அதற்கு வழி இன்னும் சுலபம். முந்தைய வறட்சிகளில் உப்பு அம்பத்தலைக்குப் போய்விடாமல் ஆற்றின் குறுக்கே மணல் மூட்டை அடுக்க வேண்டி வந்தது.

நான்காவது மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதபோது, குழாயில் தண்ணீர் இருந்தும் ஐந்தாம் மாடிக்கு ஏறவில்லை. வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016 மே மாதம் களனி பெருகியபோது சுற்றிலும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை. தாழ்ந்த பகுதிக் கிணறுகளெல்லாம் கழிவுநீரோடு கலந்துபோயின.

உங்கள் பகுதியில் கடந்த சில ஆண்டுகளில் இவற்றில் எது அடிக்கடி வந்தது என்று பழைய ஆட்களிடம் கேளுங்கள். முகத்துவாரத்தில் ஒரு பதில், வெள்ளவத்தை கடற்கரைப் பக்கம் வேறொரு பதில், மாளிகாவத்தை ஃபிளட்ஸில் முற்றிலும் வேறு பதில் கிடைக்கும்.

கொப்பி ஒன்றை எடுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான வேலை, எல்லோரும் தவிர்க்கும் வேலையும் இதுதான். இரண்டு பேர் வீடு வீடாகப் போக வேண்டும். ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. வீட்டுத் தண்ணீரின் கணக்கு பெரும்பாலும் பெண்களின் தலைக்குள்தான் இருக்கிறது. ஒருவருக்காவது சிங்களம் நன்றாக வர வேண்டும்.

வீட்டுக்கு ஒரு வரி போதும். எத்தனை பேர், எத்தனை லீற்றர் சேமிக்க முடியும், எந்த மாடி, மோட்டர் உண்டா, வீட்டுக்குள் பைப்பா பொதுப் பைப்பா, வாளி தூக்க முடியாதவர் யாராவது இருக்கிறாரா, பால்மா குடிக்கும் குழந்தை, சிறுநீரக நோயாளி, படுக்கையில் இருப்பவர் உண்டா. அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. அவசரகாலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் வேண்டும் என்பது உலகெங்கும் நிவாரணப் பணிகளில் பின்பற்றும் அளவு. குடிக்க, சமைக்க, முகம் கைகால் கழுவ, அடிப்படைச் சுத்தத்துக்கு எல்லாம் சேர்த்து. சேமிப்பை, ஆட்களின் எண்ணிக்கையை 15ஆல் பெருக்கி வருவதால் வகுங்கள். 500 லீற்றர் டாங்கி உள்ள நான்கு பேர் வீடு, இறுக்கிப் பிடித்தால் எட்டு நாள் தாங்கும். ஆளுக்கு 50 லீற்றர் செலவழித்தால் இரண்டரை நாள். இரண்டு 20 லீற்றர் வாளி மட்டும் உள்ள ஐந்து பேர் வீடு அரை நாளுக்குச் சற்று மேல்தான் தாங்கும்.

இப்போது பட்டியலை மாற்றி எழுதுங்கள். தாங்கும் நாள் குறைந்த வீடு மேலே. இந்த வரிசைதான் இனி எல்லாவற்றுக்கும் அடிப்படை. எந்த வீட்டுக்கு முதலில் பரல் வாங்கிக் கொடுப்பது, பவுசர் (தண்ணீர் லொறி) வந்தால் யாருக்கு முதலில், யார் வீட்டுக்கு இளைஞர்கள் வாளி தூக்கிப் போவது, எல்லாமே.

ஒரு எச்சரிக்கை. டாங்கி அளவைக் கேட்டால் சிலர் குறைத்துச் சொல்வார்கள். "எங்கட்ட எங்க தண்ணி இருக்கு, தம்பி?" என்று கதவைப் பாதி திறந்தபடி பதில் வரும். பங்கு கேட்கப் போகிறார்கள் என்ற பயம். எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், யாருடைய டாங்கியையும் திறக்கச் சொல்லப் போவதில்லை என்பதையும் சேர்த்து. இன்னொன்று, இந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தனியாக இருக்கும் வயதான பெண்ணின் வீடு எது என்பது ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. கொப்பி ஒருவரிடம், பிரதி இன்னொருவரிடம், போதும்.

ஒழுக்குகள்

2010களின் தொடக்கத்தில் கொழும்பு நகருக்குள் விநியோகமான நீரில் ஏறத்தாழ பாதி, ஒழுகியோ களவாகவோ கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. பழைய குழாய்களை மாற்றும் வேலை அதற்குப் பிறகு நிறைய நடந்திருக்கிறது. தெருவுக்குக் கீழே இருப்பது சபையின் பொறுப்பு. மீற்றருக்கு இந்தப் பக்கம் நம்முடையது.

வீட்டு ஒழுக்கைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. இரவு படுக்கும் முன் எல்லாப் பைப்பையும் மூடிவிட்டு மீற்றரைப் பாருங்கள். கறுப்பு எண்கள் முழு அலகுகள், ஒரு அலகு என்றால் 1,000 லீற்றர். சிவப்பு எண்கள் அதன் பின்னம். நடுவில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தால் அதுவே போதும்: எல்லாம் மூடியபின்னும் அது மெதுவாகச் சுழன்றால் எங்கோ போகிறது. சக்கரம் இல்லாவிட்டால் சிவப்பு எண்ணைப் படம் எடுத்துவிட்டு, காலையில் யாரும் பைப் திறக்கும் முன் மறுபடி எடுங்கள். ஒரு கவனம்: மேல் டாங்கி நிரம்பிக்கொண்டிருந்தால் மீற்றர் ஓடத்தான் செய்யும். டாங்கி நிரம்பிய பிறகே பார்க்க வேண்டும்.

நொடிக்கு ஒரு துளி சொட்டும் பைப் ஒரு நாளில் ஏறக்குறைய 20 லீற்றரை விடும். அதுகூடப் பரவாயில்லை, சத்தம் கேட்கும், வொஷர் மாற்றுவோம். சத்தமில்லாமல் கொல்வது கொமட் தாங்கி. அதன் வால்வு சரியாக மூடாவிட்டால் நாளுக்கு நூற்றுக்கணக்கான லீற்றர் போகலாம். தாங்கிக்குள் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் விடுங்கள். கீழே நிறம் வந்தால் வால்வு போய்விட்டது. ஒரு சனிக்கிழமை லேனுக்கு ஒரு பிளம்பரைப் பிடித்து, வொஷரும் வால்வும் மொத்தமாக வாங்கி எல்லா வீட்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டால், ஆளாளுக்குக் கூப்பிடுவதைவிடச் செலவு குறைவு. அதே கையோடு, பழைய பெரிய கொமட் தாங்கிகளில் தண்ணீர் நிரப்பி மூடிய ஒன்றரை லீற்றர் போத்தலை இறக்கிவிடுங்கள். ஃப்ளஷ்ஷுக்கு ஒன்றரை லீற்றர் மிச்சம். ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 30 லீற்றர் வரை வரும், அது இரண்டு பேரின் அவசரகாலப் பங்கு.

சேமிப்பும் நுளம்பும்

பட்டியலின் மேலே இருக்கும் வீடுகளுக்குத்தான் முதலில் பாத்திரம் வேண்டும். மூடியுள்ள 60 லீற்றர், 100 லீற்றர் பரல்கள் நல்லவை. சுத்தம் செய்யலாம், ஒரு மூலையில் நிற்கும். முன்பு இரசாயனம் வைத்திருந்த பரல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் குடிதண்ணீருக்கு வேண்டாம். 1,000 லீற்றர் டாங்கி நிரம்பினால் ஒரு தொன் பாரம். தோட்டத்து வீடுகளில் தட்டுக்கு மேல் தட்டாக எழுப்பிய பலகை மாடிகளிலும் மெல்லிய கொங்கிரீட் தட்டிலும் அதை ஏற்றுவது ஆபத்து. மேசன்பாஸ் ஒருவரிடம் காட்டாமல் ஏற்றாதீர்கள்.

கொழும்பில் தண்ணீர் சேமிப்பது என்றால் டெங்குவையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். முட்டையிலிருந்து நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் ஒவ்வொரு பரலையும் வாரம் ஒருமுறை வெறுமையாக்கி, உள்பக்கத்தைத் தேங்காய்ப் பொச்சால் தேய்க்க வேண்டும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மேல் டாங்கியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா, நிரம்பி வழியும் குழாயின் வாயில் வலை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வலையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 2007இல் வந்த நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, குடம்பி இருந்தால் வீட்டுக்காரர் நீதிமன்றம் போக வேண்டிவரும்.

இனி மோட்டர் விஷயம். தெருக்குழாயோடு நேரடியாக மோட்டரைப் பூட்டி உறிஞ்சுவது சட்டவிரோதம். அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்றிருக்கிறது. அமுக்கம் குறைந்த குழாயை உறிஞ்சினால், குழாயின் வெடிப்புகள் வழியாக வெளியே இருக்கும் கழிவுநீர் உள்ளே இழுபடும். கொழும்பின் பழைய பகுதிகளில் நீர்க்குழாயும் கழிவுக் குழாயும் பல இடங்களில் பக்கம் பக்கமாகத்தான் போகின்றன. மோட்டர் போட்டவர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதலில் வயிற்றோட்டம் வரும். இதைச் சண்டையாகச் சொன்னால் எடுபடாது, இப்படிச் சொன்னால் எடுபடுகிறது. சரியான வழி, தெருத் தண்ணீர் தானாக இறங்கும் நிலத்தடித் தாங்கி (சம்ப்) ஒன்று, அதிலிருந்து மேலே ஏற்றும் மோட்டர். சம்ப் கட்ட இடமில்லாத வீடுகள் லேனுக்குள் ஒரு நேர அட்டவணை போட்டுக்கொள்ளலாம். நீர்வெட்டு அறிவித்த நாளில் முதல் இரண்டு மணி நேரம் லேன் கடைசி வீடுகளுக்கும் பொதுப் பைப்புக்கும், அதற்குப் பிறகே லேன் முனை வீடுகள் டாங்கி நிரப்புவது. இந்த ஒரு ஒப்பந்தம் மட்டும் நடந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஃபிளட்ஸ் என்றால்

மாடிவீட்டில் எல்லாமே கீழே உள்ள சம்ப்பையும் ஒரே மோட்டரையும் நம்பி இருக்கிறது. 30 வீடு, 120 பேர், 10,000 லீற்றர் சம்ப் என்று வைத்துக்கொள்வோம். மோட்டர் வழக்கம்போல் தானாக ஓடினால் ஒரு நாளில் காலி. காலை 1,800, மாலை 1,800 லீற்றர் என்று கையால் ஏற்றினால், ஆளுக்கு 30 லீற்றர் கிடைத்து, கிட்டத்தட்ட மூன்று நாள் வரும். ஏற்றும் நேரத்தை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். இரண்டு மொழியில், கையால் எழுதினாலும் போதும்.

தானியங்கி மிதவையை நிறுத்தி வைப்பது யார், மோட்டர் அறைத் திறப்பு யாரிடம், மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டரில் முதலில் ஓடுவது லிஃப்டா தண்ணீர் மோட்டரா, இதெல்லாம் நிர்வாகக் குழு முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை. என்னைக் கேட்டால் மோட்டர்தான். ஒரு மணி நேரம் மோட்டர் ஓடினால் எல்லா வீட்டுக்கும் தண்ணீர். ஆனால் ஐந்தாம் மாடியில் நடக்க முடியாதவர் இருந்தால் அவரையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது தண்ணீர்: கிணறும் மழையும்

குழாய்த் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, மற்ற வேலைகளுக்கு வேறு தண்ணீர் தேடுவதுதான் நோக்கம். உங்கள் பகுதியில் கிணறு எங்கெல்லாம் இருக்கிறது என்று எழுதுங்கள். பெரும்பாலும் பள்ளிவாசலில் ஒன்று, கோயிலில் ஒன்று, தேவாலய வளவில் ஒன்று, பழைய வீட்டுப் பின்பக்கம் பலகை போட்டு மூடியது ஒன்று இருக்கும். நிர்வாகத்திடம் மழைக்காலத்திலேயே பேசி வையுங்கள். தட்டுப்பாட்டு நாளில் போய்க் கேட்டால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

நகரக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், எவ்வளவு தெளிவாக இருந்தாலும். கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் இடையில் 50 அடி இடைவெளி வேண்டும் என்பார்கள். தோட்டங்களில் அவ்வளவு இடம் ஏது? கழுவ, துவைக்க, கொமட்டுக்கு ஊற்ற அது தாராளம். கடற்கரையோரம் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் நிலத்தடி நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால், கீழே இருக்கும் உப்பு எல்லை ஏறக்குறைய 40 அடி மேலேறக்கூடும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அதனால் மோட்டர் போட்டு ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். கொஞ்சம் இறைத்து, ஊற விட்டு, மறுபடி இறையுங்கள். ஒருமுறை உப்பேறிய கிணறு திரும்ப இனிக்க நல்ல மழைக்காலம் ஒன்று வேண்டும்.

மழைக்கு வருவோம். இலங்கையில் 2005 முதல் தேசிய மழைநீர் சேகரிப்புக் கொள்கை இருக்கிறது. பழைய லேன்களில்தான் கூரைத் தண்ணீர் இன்னும் நேரே கானுக்குப் போகிறது. கணக்கு சுலபம்: ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 1,000 சதுர அடிக் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை பெய்தால், தெறித்தது சிந்தியது போக 1,500 லீற்றர் வரை பிடிக்கலாம். மார்ச், ஏப்ரல் மாத மாலை இடிமழை ஒன்றே இதைக் கொடுத்துவிடும்.

முதல் மழையைத் தவறவிட வேண்டும், அதுதான் கூரைத் தூசையும் காக்கை எச்சத்தையும் கழுவி வருவது. இந்த அளவுக் கூரைக்கு முதல் 50 முதல் 100 லீற்றரை ஒதுக்குங்கள். கடைகளில் இதற்கென்று ஒரு துண்டு நிற்குழாயைப் பூட்டித் தருவார்கள். 4 அங்குலக் குழாய் ஒரு மீற்றர் நீளத்துக்கு 8 லீற்றர்தான் கொள்ளும், அதனால் அது பெரிதாக உதவாது. பீலியிலிருந்து இறங்கும் குழாயை முதலில் ஒரு பழைய பரலுக்கு விட்டு, அது நிரம்பியதும் டாங்கிக்குத் திரும்பும்படி செய்வது நல்லது. அஸ்பெஸ்டஸ் கூரைத் தண்ணீரைக் கழுவும் வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பவுசர் வரும் நாள்

நீடித்த நீர்வெட்டில் சபையோ மாநகர சபையோ பவுசர் அனுப்பும். அன்று நடப்பதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பவுசர் லேனுக்குள் திரும்பாது, முனையில்தான் நிற்கும். அதற்கு முன்பே வாளி, சருவம், பெயின்ட் டின், ஐஸ்கிரீம் பக்கெட் எல்லாம் வரிசையில் நிற்கும், ஆள் இருக்காது. பச்சை ஹோஸ் ஒன்றைச் சாரதியின் உதவியாளர் பிடித்திருப்பார். ஹோஸ் ஒரு பாத்திரத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அரை லீற்றர் தார் ரோட்டில். "அக்கா, என்ட வாளி முன்னால இருந்திச்சு." "இருந்திச்சுதான், நீங்க இருக்கேல்லயே." இதற்குள் கடைசி வீட்டு ஆச்சி இன்னும் வரவே இல்லை.

இங்கேயும் கணக்குப் போடுங்கள். 60 குடும்பம், 240 பேர், ஆளுக்கு 15 லீற்றர் என்றால் 3,600 லீற்றர். ஒரு பைப்பிலிருந்து நிமிடத்துக்கு ஏழரை லீற்றர் வருகிறது என்று வைத்தால், ஒரே வாயில் எட்டு மணி நேரம் பிடிக்கும். எந்தச் சாரதியும் எட்டு மணி நேரம் நிற்க மாட்டார். ஆகவே பவுசரிலிருந்து நேரே வாளிக்குப் பிடிக்கும் முறையை விட்டுவிடுங்கள். லேன் முனையில் 2,000 லீற்றர் டாங்கி இரண்டை, கட்டியான நிலத்தில், வாளி கீழே நுழையும் உயரத்துக்குக் கல் கட்டி வைத்து, நான்கு பைப் பூட்டுங்கள். பவுசர் வந்து ஊற்றிவிட்டுப் போய்விடும். நான்கு பைப்பில் இரண்டு மணி நேரத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். டாங்கியின் செலவு பெரிதுதான். ஆனால் லேனில் மொத்தமாகக் கேட்டால் கடைக்காரர், கோயில், பள்ளிவாசல் என்று கை நீட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

வரிசைக்கு வாளி வேண்டாம், துண்டு கொடுங்கள். வீட்டுக்கு ஒரு துண்டு, அதில் ஆட்களின் எண்ணிக்கை, அதற்கேற்ற லீற்றர். பட்டியலில் முதல் பத்து வீட்டுக்கு முதல் பத்துத் துண்டு. தூக்க முடியாதவர்களுக்கு இளைஞர்கள் கொண்டுபோய்க் கொடுப்பது வரிசை தொடங்கும் முன், முடிந்த பிறகு அல்ல. முடிந்த பிறகு என்றால் தண்ணீரும் முடிந்திருக்கும்.

பவுசர் ஒழுங்கு செய்ய 1939 என்ற சபையின் இலக்கத்தை அழையுங்கள். வெள்ளம், வறட்சி போன்ற பேரிடர் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. கிராம உத்தியோகத்தர் வழியாகவும் கேட்கலாம், அவரிடம் உங்கள் கொப்பிக் கணக்கைக் காட்டினால் வேலை வேகமாகும். "எங்களுக்குத் தண்ணி இல்ல" என்பதற்கும் "60 குடும்பம், 240 பேர், 14 பேர் நடக்க முடியாதவர்கள், 4,000 லீற்றர் இறக்க டாங்கி இருக்கிறது" என்பதற்கும் கிடைக்கும் பதில் வேறு. தனியார் பவுசரை வாங்குவதென்றால், எந்த இடத்து நீர் என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அது கழுவ மட்டும்.

குடிக்கும் தண்ணீர்

தண்ணீர் திரும்பி வரும்போது முதலில் வருவது கலங்கல். அதை வாளியில் பிடித்துக் கொமட்டுக்கு வைத்துவிட்டு, தெளிந்த பிறகே டாங்கிக்கு விடுங்கள். முதல் ஒன்றிரண்டு நாள் கொதிக்க வைத்துக் குடிப்பது நல்லது. குமிழி பொங்கிப் புரண்டு ஒரு நிமிடம் கொதித்தால் போதும், பத்து நிமிடம் கொதிக்க வைத்து கேஸை வீணாக்க வேண்டாம்.

கேஸ் இல்லாவிட்டால் குளோரின். வாசனையோ நிறமோ சேர்க்காத 5 வீத திரவ பிளீச் என்றால் தெளிந்த தண்ணீர் ஒரு லீற்றருக்கு இரண்டு துளி, அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடித்து, நான்கு துளி. பழைய போத்தலில் வீரியம் குறைந்திருக்கும். கிணற்றுக்கும் லேன் டாங்கிக்கும் எவ்வளவு குளோரின் என்பதை நீங்களாகத் தீர்மானிக்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ.) கூப்பிடுங்கள். அளந்து போடவும், மிச்சக் குளோரினைச் சோதிக்கவும் அவருக்குத் தெரியும்.

உப்பு மட்டும் வேறு கதை. கொதிக்க வைத்தால் உப்பு போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் கொஞ்சம் கூடும். குளோரைட் லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் பெரும்பாலானோருக்கு நாக்கில் தெரியும். கரிப்பு தெரிந்தால், பால்மா கரைக்கவும் பிரஷர், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் வேறு தண்ணீர் ஒதுக்குங்கள். லேனில் கேன் தண்ணீர் மொத்தமாக வாங்கினால், முதலில் போக வேண்டிய வீடுகள் கொப்பியில் ஏற்கெனவே இருக்கின்றன.

சபையோடு பேசுவது, காசு, சண்டை

முறைப்பாட்டுக்கு எப்போதும் இலக்கம் கேட்டு வாங்குங்கள். நாள், நேரம், எந்த வீட்டில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நின்றது, எப்போது வந்தது என்று லேன் முனையில் ஒரு வீடு, நடுவில் ஒரு வீடு, கடைசியில் ஒரு வீடு இரண்டு வாரம் எழுதட்டும். முனையில் வந்து கடைசியில் வராவிட்டால் குழாய் சிறிது, அல்லது இடையில் அடைப்பு, அல்லது ஒழுக்கு. மூன்று வீட்டிலும் ஒரே நேரத்தில் நின்றால் பிரச்சினை லேனுக்கு வெளியே. இந்தத் தாளோடு பிராந்திய அலுவலகத்துக்குப் போனால் பொறியியலாளர் உட்கார்ந்து பேசுவார். எல்லா வீட்டுக் கணக்கு இலக்கமும் கையெழுத்தும் உள்ள ஒரே கடிதம், பத்துத் தனிக் கடிதத்தைவிட மேல். தமிழில் எழுதலாம், அது உங்கள் உரிமை. வேகமாக நடக்க வேண்டுமென்றால் சிங்களப் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

காசு விஷயத்தில் மாதம் ஒரு சிறு தொகை போதும். வொஷர், பைப், குளோரின், டாங்கி கழுவும் கூலி, அவசரத்துக்கு ஒரு பவுசர். வரவு செலவை மாதக் கடைசியில் பொதுவில் ஒட்டுங்கள். கட்ட முடியாத வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தும் விதியை ஒருபோதும் போடாதீர்கள். அந்த வீடுதான் பெரும்பாலும் பட்டியலின் மேலே இருக்கும்.

சண்டை வரும். வராத லேன் கிடையாது. முச்சக்கர வண்டியை ஹோஸ் போட்டுக் கழுவுபவர் ஒருவர் எல்லா இடத்திலும் இருக்கிறார். பத்து நிமிடம் ஹோஸ் ஓடினால் 150 லீற்றர் போய்விடும், இரண்டு வாளியில் அதே வண்டி பளபளக்கும். இதை வாட்ஸ்அப்பில் பெயர் சொல்லிப் போட்டால் அவர் பிடிவாதமாக இன்னும் ஐந்து நிமிடம் கழுவுவார். அவர் மதிக்கும் ஒருவர் போய், தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னால் கேட்பார். களவு இணைப்பு, நேரடி மோட்டர் போன்றவை வேறு. இரண்டு முறை சொல்லியும் கேட்காவிட்டால் சபைக்கு அறிவித்துவிடுங்கள், அதையும் தனி ஆளாக இல்லாமல் குழுவாக.

கொப்பி பழசாகிவிடும். ஆள் மாறுவார், புது வாடகைக் குடும்பம் வரும், பிள்ளை பிறக்கும், தாத்தா படுத்துவிடுவார். வறட்சி ஜனவரியில் தொடங்குவதால், டிசம்பர் நடுவில் அதே இரண்டு பேர் மறுபடி ஒரு சுற்றுப் போய் வரிகளைத் திருத்த வேண்டும். அப்படியே லேன் டாங்கியைக் கழுவி, நான்கு பைப்பையும் திறந்து பார்த்துவிடுங்கள். ஓராண்டாகத் திறக்காத பைப் பெரும்பாலும் இறுகிப்போயிருக்கும்.